மட்டக்களப்பிலிருந்து வியட்நாம்: பல ஊர் தங்கிப் போகும் தேனிலவுக்கு முழுமையான வழிகாட்டி

தெரியாத நாட்டுக்குத் தேனிலவு போகிற இருவர் முதலில் எழுதுவது இடப் பட்டியல். ஹனோய், ஹாலோங், ஹூஎ, டா நாங், ஹோய் ஆன், சைகோன், பூ குவோக் என்று ஏழு ஊர் சேர்ந்துவிடும். கையில் இருப்பதோ பத்து நாள். அந்தப் பட்டியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு இரவுகளை எண்ணத் தொடங்குங்கள். எந்த ஊரில் எத்தனை இரவு என்பது முடிவானால் மிச்சம் எல்லாம் தானாகவே ஒழுங்குக்கு வரும்.

வியட்நாம் ஒடுங்கி நீண்ட நாடு. வடக்கே ஹனோயிலிருந்து தெற்கே ஹோ சி மின் நகரம் வரை ரயில் பாதை மட்டும் 1,726 கிலோமீட்டர். ஹோ சி மின் நகரத்தை அங்குள்ளவர்கள் இன்னும் சைகோன் என்றே சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் அரை நாள் போய்விடும். அறையைக் காலி செய்து, வாகனத்துக்குக் காத்திருந்து, ஓடி, மறுபடி புது அறைக்காகக் காத்திருக்க வேண்டும். ஆறு ஊர் என்றால் ஐந்து மாற்றம், இரண்டரை நாள் செலவு. கல்யாணக் களைப்போடு போகிறவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

எந்த மாதத்தில் கல்யாணம்?

நாட்டைத் தெரிந்தெடுத்துவிட்டு மாதம் பார்க்கக் கூடாது, மாதத்தை வைத்துத்தான் பாதையைப் பார்க்க வேண்டும். வியட்நாமில் ஒரே நாளில் வடக்கே குளிரும், நடுவில் வெள்ளமும், தெற்கே வெயிலும் இருக்கும்.

நடுப்பகுதிக் கரையான டா நாங், ஹோய் ஆன் பக்கத்துக்கு மழை தருவது நமக்கு மாரி தருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுத்தான். அங்கே செப்டெம்பரில் தொடங்கி ஒக்டோபர், நவம்பரில் உச்சத்துக்குப் போகும். அந்த இரண்டு மாதத்தில் ஹோய் ஆன் பழைய நகரத்துக்குள் து போன் ஆறு ஏறி, தெருவில் படகு ஓடுவது வழமை. ஐப்பசி, கார்த்திகையில் கல்யாணம் என்றால் நடுப்பகுதியை விட்டுவிட்டு வடக்கை மட்டும் பாருங்கள். ஹனோய்க்கு அதுதான் நல்ல காலம்.

தை மாதக் கல்யாணத்துக்கு வேறு சிக்கல் இருக்கிறது. ஜனவரிக் கடைசிக்கும் பெப்ரவரி நடுவுக்கும் இடையில் 'தெத்' என்ற அவர்களுடைய புத்தாண்டு வரும். 2026 இல் அது பெப்ரவரி 17, 2027 இல் பெப்ரவரி 6. நம் சித்திரை வருடப் பிறப்பில் கொழும்பே காலியாகிற மாதிரி அங்கேயும் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். கடைகள் பூட்டு, ரயில் விமான இடங்கள் முன்கூட்டியே தீர்ந்துவிடும், விசா அலுவலகமும் லீவு. தெத்துக்கு முன்பின் ஒரு வாரத்தைத் தொடாதீர்கள். பெப்ரவரிக் கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை மூன்று பகுதிகளுக்கும் ஒரேயடியாக ஒத்துவரும் காலம். மாசி, பங்குனியில் போக முடிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஏப்ரல் 30, மே 1, செப்டெம்பர் 2 ஆகியவை தேசிய விடுமுறைகள், அதையொட்டியும் கூட்டம்.

வைகாசி, ஆனியில் போனால் ஹோய் ஆன் பக்கம் கடல் அமைதியாக இருக்கும், ஆனால் வெயில் நம் கச்சான் காற்றுக் காலம் போலத்தான். காலை ஐந்து மணிக்கு எழும்பி ஒன்பதுக்குள் சுற்றிவிட்டு மாலை நாலுக்குப் பிறகு மறுபடி வெளியே போகிற மாதிரி நாளை வகுக்க வேண்டும். ஆவணியில் வடக்குக் கரைக்குப் புயல் வருகிற காலம். ஹாலோங் விரிகுடாவின் படகுப் பயணத்தை அந்த மாதத்தில் நம்பித் திட்டம் போடக் கூடாது.

கல்யாண நாளுக்கும் பயண நாளுக்கும் இடையில் ஏழிலிருந்து பத்து நாள் விடுங்கள். நாலாம் சடங்கு, இரு வீட்டு விருந்து, தூரத்துச் சொந்தம் என்று அந்த நாட்கள் நிறைந்துவிடும். விருந்துக்குப் போகாமல் போனால் திரும்பி வந்தபின் வருகிற மனத்தாங்கல் பயணத்தைவிட நீளமாக இருக்கும்.

இரவுகளைப் பங்கிடுவது

ஹனோயில் இறங்கி சைகோனில் ஏறுங்கள். போன வழியே திரும்பி வரக் கூடாது. விமான டிக்கெட்டைப் போக ஓர் ஊர், திரும்ப வேறோர் ஊர் என்று ஒரே பதிவில் எடுக்கலாம். தேடும் பக்கத்தில் 'பல நகரம்' என்ற பிரிவில் போட வேண்டும். இரண்டு தனி ஒருவழி டிக்கெட்டைவிட இது பெரும்பாலும் மலிவாக வரும்.

பன்னிரண்டு இரவு இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: ஹனோய் 2, நின் பின் 2, ஹாலோங் படகில் 1, மறுபடி ஹனோய் 1, ஹோய் ஆன் 4, சைகோன் 2. பத்து இரவுதான் என்றால் நின் பின், ஹாலோங் இரண்டில் ஒன்றை வெட்டுங்கள். இரண்டும் சுண்ணாம்புக் கல் மலைகள்தான், ஒன்று ஆற்றில் நிற்கிறது, மற்றது கடலில் நிற்கிறது. எங்கள் கருத்தில் வெட்ட வேண்டியது ஹாலோங். நின் பின்னில் சிறு படகில் இருவரும் அமைதியாக இருக்கலாம், செலவும் குறைவு, காலநிலையால் ரத்தாவதும் அரிது.

பூ குவோக், ந்யா த்ராங் போன்ற கடற்கரை ஊர்களைச் சேர்க்க வேண்டாம். பாசிக்குடாவும் அறுகம்பேயும் வீட்டு வாசலில் இருக்கிறவர்களுக்கு மணலும் ஆழமில்லாத கடலும் புதுமை இல்லை. நாம் காணாதது அந்த மலைகள், பழைய நகரம், குளிர். இரவுகளை அதற்குக் கொடுங்கள்.

முதல் இரண்டு இரவும் ஒரே அறையில் இருக்கட்டும், முதல் நாள் எதையும் பதிவு செய்யாதீர்கள். ஹோய் ஆனில் நாலு இரவு போட்டதற்கும் காரணம் உண்டு. பயணத்தின் நடுவில் ஒன்றுமே செய்யாத ஒரு நாள் வேண்டும். உடம்பு சரியில்லாமல் போனாலோ, மழை பிடித்தாலோ, ஒரு சின்னக் கோபம் தீர நேரம் வேண்டியிருந்தாலோ அந்த நாள் கைகொடுக்கும்.

கடவுச்சீட்டும் பெயரும்

இருவரின் கடவுச்சீட்டும் பயணம் முடிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். கல்யாணம் முடிந்ததும் மணமகளின் பெயரை மாற்றிப் புதுக் கடவுச்சீட்டு எடுக்க ஓடாதீர்கள். இருக்கிற கடவுச்சீட்டில் என்ன பெயரோ அதே பெயரில் டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாம் இருக்கட்டும். பெயர் மாற்றம் திரும்பி வந்த பிறகு செய்கிற வேலை. விவாகப் பதிவுச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கைத்தொலைபேசியில் படமாக வைத்திருந்தால் போதும்.

தமிழ், முஸ்லிம் பெயர்களில் அடிக்கடி பிழைக்கிற இடம் குடும்பப் பெயர்ப் பெட்டி. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், சிலருக்கு எல்லாம் ஒரே வரியில். எது குடும்பப் பெயர் என்று ஊகிக்க வேண்டாம். கடவுச்சீட்டின் படமுள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரி அச்சாகி இருக்கும். மேல் வரியில் இலங்கையின் மூன்றெழுத்துக் குறியீட்டுக்குப் பிறகு வருவது குடும்பப் பெயர். அம்புக்குறி போன்ற அடையாளம் இரண்டு சேர்ந்து வந்தால் அத்தோடு குடும்பப் பெயர் முடிந்தது, அடுத்து வருவது மற்றப் பெயர்கள். ஒற்றை அம்புக்குறி வெறும் இடைவெளி. இந்த வரியின் நீளத்துக்கு எல்லை இருப்பதால் நீண்ட பெயர்கள் கடைசியில் வெட்டுப்படும். ஆகவே எங்கே பிரிகிறது என்பதை இந்த வரியில் பாருங்கள், முழு எழுத்துகளை மேலே உள்ள பெட்டிகளிலிருந்து எடுங்கள். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் விமானத்தில் ஏற்றாமல் விடலாம்.

இலத்திரனியல் விசா

2023 ஓகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவர்க்கும் வியட்நாம் 90 நாள் வரையிலான இலத்திரனியல் விசா கொடுக்கிறது, இலங்கையர்க்கும் சேர்த்துத்தான். ஒரு தடவை நுழைய 25 அமெரிக்க டொலர், பல தடவை நுழைய 50. உங்களுக்கு ஒரு தடவை போதும், இருவருக்குமாக 50 டொலர். விசா மறுத்தாலும் காசு திரும்பாது.

தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் முகவர்களின் பக்கம், இரண்டு மூன்று மடங்கு வாங்குவார்கள். அரசின் சொந்தப் பக்கத்தின் முகவரி 'கவ்' என்றும் அதன்பின் 'விஎன்' என்றும் முடியும். அதைப் பார்த்த பிறகுதான் கார்டு இலக்கத்தைப் போடுங்கள்.

தேவையானவை: கடவுச்சீட்டுப் பக்கத்தின் தெளிவான படம், கண்ணாடி இல்லாத முகப் படம், நுழையும் விமான நிலையம், வெளியேறும் விமான நிலையம், முதல் இரவு தங்கும் முகவரி. கடவுச்சீட்டுப் பக்கத்தில் மின்குமிழ் வெளிச்சம் பட்டு எழுத்து மங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் வைத்து எடுங்கள். முகவரியில் ஒரு குழப்பம் வரும். 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் 63 மாகாணங்கள் 34 ஆகச் சுருங்கின, மாவட்ட மட்டமும் எடுபட்டது. ஹோய் ஆன் இப்போது டா நாங் மாநகரத்துக்குள். பல ஹோட்டல்களின் பக்கத்தில் பழைய முகவரிதான் இருக்கிறது, படிவத்தில் புதிய பெயரே வரும். ஹோட்டலுக்கு ஒரு செய்தி அனுப்பிப் புதிய முகவரியைக் கேளுங்கள்.

சாதாரணமாக மூன்று வேலை நாள் என்கிறார்கள். மூன்று நாலு வாரத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். விண்ணப்ப இலக்கத்தை எழுதி வையுங்கள். மின்னஞ்சல் வராவிட்டாலும் அந்த இலக்கத்தைக் கொண்டு பக்கத்திலேயே முடிவைப் பார்க்கலாம். கிடைத்ததும் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். நாள், மாதம் இடம் மாறியிருக்கிறதா என்று முக்கியமாகப் பாருங்கள். விசாவில் போட்டிருக்கிற தொடக்கத் தேதிக்கு ஒரு மணி நேரம் முந்திப் போனாலும் உள்ளே விடமாட்டார்கள், அதனால் தொடக்கத்தை ஒரு நாள் முந்தியே போடுங்கள். இரண்டு பிரதி அச்செடுங்கள்.

டிக்கெட், அறை, உள்நாட்டுப் பயணம்

பதிவு செய்யும் வரிசை முக்கியம். முதலில் சர்வதேச டிக்கெட், அடுத்து இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய அறைகள், பிறகு விசா. விசா கையில் வந்த பிறகுதான் ரத்துச் செய்ய முடியாத உள்நாட்டு விமானமும் ஹாலோங் படகும்.

கோலாலம்பூர், பாங்கொக், சிங்கப்பூர் வழியாக மாறிப் போகும்போது முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். பை கடைசி ஊர் வரை தானாகப் போகும், முதல் விமானம் பிந்தினால் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. மலிவு என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் நடுவில் பையை எடுக்க அந்த நாட்டின் குடிவரவைத் தாண்ட வேண்டி வரும். அதற்கு விசா வேண்டியிருந்தால், அது இல்லாமல் கட்டுநாயக்கவிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அறை எடுக்கும்போது இரண்டு விசயம். ஒன்று, கட்டில். 'ட்வின்' என்றால் இரண்டு தனிக் கட்டில், 'டபிள்' என்றால் ஒன்று. புதுமணத் தம்பதி பிழையாக எடுத்துவிட்டு முதல் இரவில் வரவேற்பு மேசையில் நின்று விளக்கம் சொல்ல வேண்டி வரக் கூடாது. மற்றது, யன்னல். ஹனோய் பழைய பகுதியில் வீடுகள் நாலு மீட்டர் அகலத்தில் பின்பக்கமாக நீண்டு போகும். நடு அறைகளுக்கு யன்னலே இராது, இருந்தாலும் ஓர் இருட்டுக் கிணற்றைப் பார்த்துத் திறக்கும். மலிவான அறையின் விவரத்தை வாசித்தால் யன்னல் இல்லை என்று சின்னதாக எழுதியிருக்கும். ஐந்து டொலர் கூடக் கொடுத்து யன்னல் உள்ளதை எடுங்கள். தேனிலவு என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதினால் பல இடங்களில் பூவும் பழமும் வைத்திருப்பார்கள், இடமிருந்தால் நல்ல அறைக்கும் மாற்றித் தருவார்கள். காலைச் சாப்பாட்டோடு இருவருக்கு இரவுக்கு 30 முதல் 50 டொலருக்குள் நல்ல அறை பெரும்பாலும் கிடைக்கும்.

ஹனோயிலிருந்து நின் பின் சுமார் 95 கிலோமீட்டர், ரயிலோ வேனோ இரண்டு மணி நேரம். நின் பின்னிலிருந்து நேரே ஹாலோங் துறைமுகத்துக்கு வேன் உண்டு, ஹனோய்க்குத் திரும்பி வரத் தேவையில்லை. படகு நிறுவனமே பெரும்பாலும் ஏற்றிக்கொள்ளும், பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஹனோயிலிருந்து டா நாங்குக்கு விமானம் ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. டா நாங் விமான நிலையம் நகருக்குள்ளேயே இருக்கிறது, அங்கிருந்து ஹோய் ஆன் 30 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோதான், நிறுத்துப் பார்ப்பார்கள். பெட்டிக்கான காசைப் பதிவு செய்யும்போதே கட்டுங்கள், விமான நிலையத்தில் கட்டினால் கூடும்.

ரயில் விருப்பமானவர்களுக்கு ஒரு வழி. ஹனோயிலிருந்து இரவு ரயிலில் ஹூஎ போய், அங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் ஹூஎயிலிருந்து டா நாங்குக்குப் பகல் ரயில் பிடியுங்கள். ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலோரமாகப் போகிற அந்த மூன்று மணி நேரம் மிக அழகானது. தெற்கே போகும்போது கடல் இடது பக்கம், இடது யன்னல் இருக்கையைக் கேளுங்கள். இரவு ரயிலில் நாலு படுக்கை கொண்ட அறையில் மற்ற இருவர் அந்நியராக இருப்பார்கள். தனிமை வேண்டுமானால் நாலு படுக்கையையும் வாங்க வேண்டும். இல்லையென்றால் விமானமே நல்லது. ஒற்றை எண் ரயில்கள் தெற்கே போகின்றன, இரட்டை எண் வடக்கே வருகின்றன.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்காதீர்கள். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் அங்கே செல்லாது, வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கைப்படியான சர்வதேச அனுமதி. வாகனமும் வலது பக்கம் ஓடும். செல்லாத அனுமதியோடு விபத்துப் பட்டால் காப்புறுதி ஒரு சதமும் தராது. நகரத்துக்குள் வாடகை வாகனம் அழைக்க, நம் பிக்மி போல அங்கே கிராப் செயலி இருக்கிறது. ஹோய் ஆனில் சைக்கிள் போதும்.

ஒவ்வோர் ஊரிலும் எதற்கு நேரம் கொடுப்பது

நின் பின்னில் த்ராங் ஆன் படகு கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நாலைந்து பேர் ஏறும் தோணி, பெரும்பாலும் ஒரு பெண்தான் துடுப்புப் போடுவார். மட்டக்களப்பு வாவியில் தோணி விட்டவருக்கு அந்தத் தண்ணீரின் அமைதி பழக்கமானது. புதியது குகைகள். மலையின் அடிவயிற்றுக்குள் தோணி நுழையும்போது கூரை தாழ்ந்து தாழ்ந்து வரும், தலையை முழங்காலில் வைத்துக் குனிய வேண்டும், கல்லிலிருந்து குளிர்ந்த துளி கழுத்தில் விழும். உள்ளே இருட்டில் துடுப்புச் சத்தம் மட்டும் கேட்கும். காலை ஏழரைக்கு முன்பே டிக்கெட் எடுத்தால் ஆள் குறைவு, வரிசையில் அடுத்த சோடியைச் சேர்த்து ஏற்றும் வாய்ப்பும் குறைவு. இறங்கும்போது துடுப்புப் போட்டவருக்குக் கையில் ஏதாவது கொடுங்கள்.

ஹாலோங்கில் ஒருநாள் படகைவிட ஓர் இரவு தங்கும் படகு நல்லது. நண்பகலில் ஏறி மறுநாள் முற்பகலில் இறங்குவீர்கள், ஹனோய் வந்து சேரப் பின்னேரம் நாலு மணியாகும். அன்றிரவே விமானம் போடாதீர்கள். அதற்காகத்தான் மேலே ஹனோயில் ஓர் இரவு வைத்தோம். ஆளுக்கு 120 முதல் 200 டொலர் வரையுள்ள படகுகளை இருவரும் சேர்ந்து பாருங்கள். காற்றுக் கூடினால் துறைமுக அதிகாரிகள் பயணத்தை நிறுத்திவிடுவார்கள். அப்போது முழுக் காசும் திரும்புமா என்பதைப் பதிவுக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். 2025 ஜூலையில் திடீர்ப் புயலில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று ஏறியவுடன் பாருங்கள், போகாதே என்று சொன்ன நாளில் வேறு படகு தேட வேண்டாம்.

ஹோய் ஆனில் ஒவ்வொரு சந்திர மாதத்தின் பதினான்காம் நாள் பழைய நகரத்தில் மின்விளக்கைக் குறைத்துக் காகித, துணி விளக்குகளை ஏற்றுவார்கள். நம் நாட்காட்டியில் போயா நாளைப் பாருங்கள், அதற்கு ஒரு நாள் முன்பின்னாக வரும். அந்த இரவு ஹோய் ஆனில் விழுகிற மாதிரி முழுப் பயணத்தையும் இரண்டு நாள் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். பழைய வீடுகளுக்கான டிக்கெட் 120,000 டொங் அளவில், ஐந்து இடம் பார்க்கலாம்.

மீ சொன் கோயில்களை விட்டுவிடாதீர்கள். ஹோய் ஆனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சம்பா அரசர்கள் நாலாம் நூற்றாண்டு தொடக்கம் கட்டிய சிவன் கோயில்கள், செங்கல்லில் எழுந்தவை. பத்ரவர்மன் என்ற அரசன் பத்ரேஸ்வரர் என்று சிவனுக்குப் பெயரிட்டு வணங்கிய இடம். 1969 இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பல இடிந்தன. 2020 இல் இந்தியத் தொல்லியல் துறையினர் திருத்த வேலை செய்தபோது ஒரே கல்லாலான ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் வெளிப்பட்டது. ஆவுடையாரும் பாணமும் மண்ணிலிருந்து வந்ததைப் பார்க்கும்போது கொக்கட்டிச்சோலையிலும் மாமாங்கத்திலும் கும்பிட்ட கை தானாகக் கூடும். காலை ஏழுக்குள் அங்கே நின்றால்தான் வெயிலையும் கூட்டத்தையும் தப்பலாம்.

சைகோனில் பென் தான் சந்தைக்குக் கிட்ட, தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இப்போது கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலானோர் வியட்நாமியர். டோங் டு தெருவில் 1935 இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றிலிருந்து போகிறவர்களுக்கு ஜும்ஆவும் ஹலால் சாப்பாடும் அங்கே கிடைக்கும். ஹனோயில் ஹாங் லூவோக் தெருவிலும் ஒரு பள்ளிவாசல் உண்டு. வெள்ளிக்கிழமை இவ்விரண்டு ஊரில் ஒன்றில் வருகிற மாதிரி நாளை அமைக்கலாம். சைகோனின் போர் அருங்காட்சியகம் முக்கியமான இடம்தான். ஆனாலும் நம் ஊரில் போரைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் படங்கள் பழையதைக் கிளறும். தேனிலவில் அதைப் போடுவதா என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

சாப்பாடு

மரக்கறிச் சாப்பாட்டை அவர்கள் 'சாய்' என்பார்கள். அந்தச் சொல் எழுதிய பலகையுள்ள கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் மரக்கறி சாப்பிடுவதால் அன்று இன்னும் எளிது. மற்றக் கடைகளில் மரக்கறி என்று தருவதிலும் மீன் சாறு விட்டிருப்பார்கள், பன்றிக் கொழுப்பும் சேரலாம். நீங்கள் வாயால் சொல்கிற வியட்நாமியச் சொல் அவர்களுக்கு விளங்காது, சுரம் மாறினால் சொல்லே மாறிவிடும். "மரக்கறி மட்டும், மீன் சாறு வேண்டாம், பன்றி வேண்டாம்" என்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிப் படமாக வைத்துக் காட்டுங்கள். மூன்றாம் நாளே நாக்கு உறைப்புத் தேடும். காய்ந்த சம்பல் ஒரு சின்னப் பொதியில், நன்றாக மூடி, பெட்டிக்குள் வையுங்கள்.

காசும் போனும்

இலங்கை ரூபாயை அங்கே மாற்ற முடியாது. வங்கியில் கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் காட்டி டொலர் வாங்குங்கள். கசங்காத, எழுத்துப் படாத 100 தாள்களாகக் கேளுங்கள். கிழிந்ததை அங்கே வாங்கமாட்டார்கள். ஒரு டொலர் 25,000, 26,000 டொங் அளவில் நிற்கிறது. மனக் கணக்குக்கு மூன்று சைபரை எடுத்துவிட்டுப் பன்னிரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய ரூபாய் வரும். 50,000 டொங் சாப்பாடு 600 ரூபாய். போகிற வாரத்தின் விலையை வைத்துப் பெருக்கும் எண்ணைச் சரிபாருங்கள்.

20,000 தாளும் 500,000 தாளும் இரண்டுமே நீலம். இரவு வெளிச்சத்தில் டாக்சிக்காரருக்கு ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் 240 ரூபாய்க்குப் பதில் 6,000 ரூபாய் போய்விடும். 500,000 தாள்களை வேறு பையில் வைத்து, கடைக்குள் நின்று மட்டும் மாற்றுங்கள். காசை இருவரும் பாதி பாதியாக வைத்திருங்கள், கார்டுகளும் அப்படியே. வெளிநாட்டுப் பாவனைக்குக் கார்டைத் திறக்கும்படி வங்கிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கிராப் செயலியை ஊரில் இருக்கும்போதே இலங்கை இலக்கத்தில் பதிந்து கார்டையும் சேர்த்துவிடுங்கள். அங்கே போய்ச் செய்தால் உறுதிப்படுத்தும் இலக்கம் வராமல் நிற்க வேண்டி வரும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு இலக்கத்துக்காக ஒருவரின் இலங்கை சிம்மில் ரோமிங் திறந்திருக்கட்டும். நம் மூன்று முனைச் செருகி அங்கே பொருந்தாது, ஒரு மாற்றுச் செருகி வேண்டும். வியட்நாம் நேரம் நமக்கு ஒன்றரை மணி முந்தியது. வீட்டாரிடம் ஒரு நேரம் சொல்லிவிட்டால் நாள் முழுக்க போன் அடிக்காது. நம் இரவு எட்டு, அங்கே ஒன்பதரை.

நகைகளை வீட்டிலோ வங்கிப் பெட்டகத்திலோ விட்டுவிடுங்கள். சைகோனில் மோட்டார் சைக்கிளில் வந்து போனையும் சங்கிலியையும் பறிப்பது நடக்கிற விசயம். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாவிட்டால் உடைக்குள் இருக்கட்டும். தெருவோரத்தில் நின்று போன் பார்க்காதீர்கள், கடைக்குள் ஏறிப் பாருங்கள்.

உடம்பு

கல்யாண நாளுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை எடுக்கிற மணமகள்கள் பலர். மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் இரத்தப்போக்கு வரும், வழமையைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். பயணத் தேதி கணிக்கும்போது யாரும் இதை நினைப்பதில்லை, பிறகு ஹாலோங் படகில் சங்கடம். மாத்திரை எழுதித் தரும் வைத்தியரிடமே பயணத் தேதியையும் சொல்லுங்கள். குழந்தையைப் பற்றி இருவரும் என்ன நினைக்கிறீர்கள் என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே பேசி ஆலோசனை கேளுங்கள். இந்தப் பேச்சை மணமகன் மணமகளின் தலையில் விட்டுவிடக் கூடாது.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி, காய்ச்சலுக்குப் பரசிட்டமோல், வழமையாகப் போடும் மருந்துகள் சிட்டையோடு கைப்பையில் இருக்கட்டும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது படகுப் பயணம் அதில் அடங்குமா என்று பாருங்கள்.

ஊரிலிருந்து கட்டுநாயக்கவுக்கு

பயணம் பிழைக்கிற இடம் பல தடவை வியட்நாம் இல்லை, மட்டக்களப்புக்கும் கட்டுநாயக்கவுக்கும் இடைப்பட்ட பாதைதான். விமானத்துக்கு அன்றிரவு ரயிலை நம்பாதீர்கள். மாரியில் பாதையில் வெள்ளம் ஏறும், காட்டுக்குள் யானை மோதி ரயில் மணிக்கணக்கில் நிற்கும். முதல் நாளே புறப்பட்டு நீர்கொழும்பில் தங்குங்கள். வேன் பிடித்தால் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்குள் போகாமலே கட்டுநாயக்கவுக்கு இறங்கலாம். அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்தவர்கள் இரவுப் பஸ்ஸில் வந்தாலும் ஒரு பகல் இடைவெளி வையுங்கள். விமான நிலையத்தில் விசாவின் அச்சுப் பிரதி, திரும்பும் டிக்கெட், அறைப் பதிவு மூன்றையும் கையில் எடுத்து வையுங்கள், கேட்பார்கள்.

வரும்போது சைகோன் விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முந்திப் போங்கள், குடிவரவு வரிசை நீளம். கட்டுநாயக்கவில் நள்ளிரவில் இறங்கினால் வேனை உடனே ஊருக்குத் திருப்பச் சொல்லாதீர்கள். பகல் முழுக்க ஓடி வந்த சாரதி, ஹபரணைக்கு அப்பால் யானை கடக்கும் இருட்டு. சாரதிக்கும் சேர்த்து அறை எடுத்து, உறங்கி, விடிந்தபின் காலைச் சாப்பாடு முடித்துப் புறப்பட்டால் பொழுது சாய முன் வீட்டில் இருப்பீர்கள்.